நாலு அவுட்புட் இருக்கிறதா என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மடிக்கணினியில் டீஜே மென்பொருள் ஏற்றிப் பழகும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் பெருகிவிட்டார்கள். கல்லூரி விழா, கல்யாண வரவேற்பு, பிறந்தநாள் என்று வாய்ப்புக்கும் குறைவில்லை. மென்பொருளில் பாட்டு ஓட்டும் இடமான 'டெக்' இரண்டிலும் பாட்டு ஏற்றிக் கொஞ்ச நாள் பழகிய பிறகுதான், அடுத்த பாட்டை ஹெட்போனில் மட்டும் தனியாகக் கேட்க வழியில்லை என்பது தெரியவருகிறது. உடனே கடைக்குப் போய், "நல்ல சவுண்ட் கார்டு ஒண்ணு குடுங்க" என்கிறார்கள். கடைக்காரரும் நல்லதாகத்தான் எடுத்துக் கொடுக்கிறார். ஆனால் அது மைக்கில் பாடிப் பதிவு செய்வதற்கு நல்லது. டீஜே வேலைக்கு ஆகாது. பணம் போன பிறகு எழும் புலம்பலைவிட, வாங்குமுன் கேட்கும் ஒரு கேள்வி மேல். அதற்காகவே இந்தக் கடிதம். நீளத்தைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

மடிக்கணினியின் ஹெட்போன் துளையில் வருவது இடது, வலது என ஒரே ஒரு ஜோடி. டீஜேவுக்கு இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று மண்டபத்துக்கு, இன்னொன்று காதுக்கு. மண்டபத்தில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததன் தாளம், தொடங்கும் இடம், சத்தத்தின் அளவு எல்லாவற்றையும் காதில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் தொழிலில் 'க்யூ' என்கிறோம். ஆகவே கணினிக்கு வெளியே வைக்கும் சவுண்ட் கார்டான இன்டர்ஃபேஸில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு அவுட்புட் இருக்க வேண்டும்: 1-2 மண்டபத்துக்கு, 3-4 காதுக்கு. ஒலித் தரத்தைக் காட்ட 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். எம்பி3 பாட்டு பெரும்பாலும் 44.1 கிலோஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. அதை 192-இல் ஓடவிட்டால் கணினிதான் மூச்சு வாங்கும்; பாட்டு இனிமையாகிவிடாது.

ஏமாறும் இடம் ஹெட்போன் துளை. பின்புறம் ஸ்பீக்கருக்கு இரண்டு துளை, முன்புறம் ஹெட்போனுக்கு ஒன்று என்று பார்த்ததும் "ரெண்டு வழி இருக்கே" என்று தோன்றும். பல இன்டர்ஃபேஸ்களில் அந்த ஹெட்போன் துளை, ஸ்பீக்கருக்குப் போகும் அதே 1-2-இன் நகல். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 வீட்டுப் பதிவுக்கு அருமையான கருவி. ஆனால் ஸ்பீக்கரில் என்ன ஓடுகிறதோ அதுதான் அதன் ஹெட்போனிலும் வரும். பெரிங்கர் யுசிஏ202, யுசிஏ222 ஆகிய சின்னப் பெட்டிகளிலும் இதே கதை. மாறாக, பெரிங்கர் யுஎம்சி204எச்டி-இல் இரண்டு இன்புட், நான்கு அவுட்புட். முன்பக்கத்து ஏ/பி பொத்தானால் ஹெட்போனை 1-2-க்கோ 3-4-க்கோ மாற்றலாம். நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்ப்ளீட் ஆடியோ 6-லும் ஹெட்போனுக்கு அப்படி ஒரு மாற்று வசதி உண்டு. பழகுபவருக்கு இந்த வகை போதும். பெயர்களை உதாரணத்துக்குத்தான் சொல்கிறோம். எந்தக் கருவியானாலும் வாங்குமுன் அதன் கையேட்டில் 'ஹெட்போனில் எந்த ஜோடி வருகிறது' என்ற வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

பெட்டியில் '2x2', '2x4', '6x6' என்று போட்டிருப்பதில் முதல் எண் இன்புட், இரண்டாவது அவுட்புட். இரண்டாவது எண் நான்கோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இதிலும் ஒரு சூட்சுமம்: சில கம்பெனிகள் டிஜிட்டல் அவுட்புட் இரண்டையும் சேர்த்து எண்ணி 'நான்கு' என்று போடுகின்றன. அந்த டிஜிட்டல் துளையில் ஹெட்போன் மாட்ட முடியாது. அனலாக் அவுட்புட் எத்தனை என்று தனியாகக் கேளுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பென் டிரைவ் அளவிலான '7.1 சேனல்' யுஎஸ்பி சவுண்ட் கார்டும் இந்த ரகம்தான். எட்டுச் சேனல் என்பது மென்பொருள் காட்டும் வித்தை. வெளியே இருப்பது ஒரே ஒரு ஸ்டீரியோ துளை.

நான்கு அவுட்புட் இருந்தும் ஹெட்போன் 1-2-ஐ விட்டு நகரவில்லை என்றால் தலையில் கைவைக்க வேண்டாம். மென்பொருளில் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். மண்டபத்துக்கு 3-4, ஹெட்போனுக்கு 1-2. ஸ்பீக்கர் வயரைப் பின்புறம் 3-4-இல் செருகிவிட்டு, 1-2 துளைகளைக் காலியாக விட்டுவிடலாம். செலவில்லாத வைத்தியம் இது. கடையில் யாரும் சொல்வதில்லை.

இன்டர்ஃபேஸ் வாங்குமுன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இன்னும் சில மாதத்தில் கன்ட்ரோலர், அதாவது மென்பொருளைக் கையால் இயக்கும் டீஜே கருவி, வாங்கும் எண்ணம் இருக்கிறதா? இருந்தால் இந்தச் செலவே தண்டம். பெரும்பாலான கன்ட்ரோலர்களுக்குள்ளேயே நான்கு அவுட்புட் சவுண்ட் கார்டு இருக்கிறது. பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4, ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 200 போன்ற ஆரம்ப நிலைக் கருவிகளில்கூட ஸ்பீக்கருக்குத் தனி, ஹெட்போனுக்குத் தனி. விதிவிலக்கு பயனியர் டிடிஜே-200. அதில் சவுண்ட் கார்டு கிடையாது. இடது, வலதைத் தனித்தனியாக்கும் பிரிப்பு வயர்தான் கூட வரும். செராட்டோ என்ற டீஜே மென்பொருளைப் பயன்படுத்துபவர்களும் கவனிக்க வேண்டும். அந்த மென்பொருள் தன் பட்டியலில் உள்ள கருவியை மாட்டினால்தான் முழுதாகத் திறக்கும். சாதாரண ரெக்கார்டிங் இன்டர்ஃபேஸை மாட்டினால் பயிற்சி நிலையிலேயே நிற்கும். எந்தக் கருவியையும் ஏற்றுக்கொள்வது மிக்ஸ் (Mixxx), டிராக்டர் போன்ற மென்பொருள்கள். மிக்ஸ் இலவசம்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றின் பழைய விண்டோஸில் மிக்ஸின் புதிய பதிப்பு ஏறாமல் போகலாம். அப்போது எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டு முயன்று பார்க்கலாம்.

காசே இல்லாதவர்களுக்கு இரண்டு குறுக்கு வழி உண்டு. ஒன்று, டீஜே பிரிப்பு வயர். மடிக்கணினியின் 3.5 மி.மீ. துளையில் மாட்டினால் இடது பக்கம் மண்டபத்துக்கும் வலது பக்கம் ஹெட்போனுக்கும் பிரிந்து போகும். இரண்டு பக்கமும் மோனோதான். பழகுவதற்கு அது குறையே இல்லை. மென்பொருளிலும் பிரிப்பு அமைப்பை இயக்க வேண்டும். ஆனால் கடையில் 'ஒய்' வயர் என்று கேட்டால், இரண்டு பேர் சேர்ந்து பாட்டுக் கேட்க உதவும் வயரைத்தான் கொடுப்பார்கள். அது பிரிக்காது, நகலெடுக்கும். இரண்டுக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது.

மற்றது மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு. பின்புறம் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று வரிசையாகத் துளைகள் இருந்தால், அது ஏற்கனவே பல அவுட்புட் சவுண்ட் கார்டுதான். விண்டோஸ் ஒலி அமைப்பில் ஸ்பீக்கர் வகையை நான்கு ஸ்பீக்கர் என்று மாற்றினால் பச்சையில் 1-2-உம் கறுப்பில் 3-4-உம் வரும். 5.1 என்று வைத்தால் நடு ஸ்பீக்கரும் சப்-வூஃபரும் 3-4-ஐப் பிடித்துக்கொள்ளும்; பின் ஸ்பீக்கர் 5-6-க்குப் போய்விடும். கூடவே இருக்கும் 'ஸ்பீக்கர் ஃபில்', 'சரவுண்ட்' போன்றவற்றை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மண்டபத்துக்கான பாட்டு காதிலும் கசியும்.

மூன்றாவதாக ஒரு வழியையும் பலர் செய்கிறார்கள். நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். மடிக்கணினியின் சொந்தத் துளையில் ஹெட்போன், மலிவான யுஎஸ்பி சவுண்ட் கார்டில் ஸ்பீக்கர் என்று இரண்டு கருவியைக் கலப்பது. முதல் சில நிமிடம் எல்லாம் நன்றாக இருக்கும். பிறகு 'டிக்', 'டிக்' என்று இடையிடையே கேட்க ஆரம்பிக்கும். காரணம், ஒவ்வொரு கருவிக்கும் நேரம் காட்ட உள்ளே தனிப் படிகம் இருக்கிறது. இரண்டு படிகமும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்துக்கு நூறு என்ற சின்ன வித்தியாசம் இருந்தாலே, வினாடிக்கு 44,100 துணுக்காக (சாம்பிள்) ஓடும் ஒலியில் வினாடிக்கு ஏறக்குறைய 4.4 துணுக்கு அளவுக்கு ஒன்று முந்தும். ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளும் இடமான பஃபர், 1,024 துணுக்கு கொள்வது என்றால் நான்கு நிமிடத்துக்குள் வழிந்துவிடும் அல்லது வற்றிவிடும். அந்த இடத்தில்தான் 'டிக்'. மிக்ஸில் இதைச் சமாளிக்கப் பல கருவிகளை ஒத்திசைக்கும் அமைப்பு இருக்கிறது. மேக்கில் ஆடியோ மிடி செட்டப்பில் இரண்டையும் ஒரே கருவியாகச் சேர்த்து, டிரிஃப்ட் கரெக்‌ஷனை டிக் செய்யலாம். வேறு வழியில்லாதவர்களுக்கு அவை கைகொடுக்கும். ஒரே பெட்டியில் நான்கு அவுட்புட் இருந்தால் நேரம் காட்டும் படிகமும் ஒன்றே, பேச்சே எழாது.

இனி இணைப்பு. விண்டோஸ் என்றால் முதலில் தயாரிப்பாளர் தளத்திலிருந்து, மென்பொருள் கருவியோடு நேரடியாகப் பேச உதவும் ஏஎஸ்ஐஓ (ASIO) டிரைவரை இறக்கி நிறுவுங்கள். கணினியை மறுபடி தொடங்கச் சொன்னால் தொடங்குங்கள். அதன் பிறகே யுஎஸ்பி வயரை மாட்டுங்கள். விண்டோஸ் தானாகப் போட்டுக்கொள்ளும் பொது டிரைவரில் சில கருவிகள் இரண்டு அவுட்புட் மட்டுமே காட்டும். "மூணு நாலு வரலியே" என்ற புகாரில் பாதி இதனால்தான். மேக்கிலும் லினக்ஸிலும் 'கிளாஸ் கம்ப்ளையன்ட்', அதாவது யுஎஸ்பியின் பொது விதிப்படி இயங்கும் கருவிகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. வயரைக் கணினியின் சொந்தத் துளையில் நேராக மாட்டுங்கள். மவுஸ், பென் டிரைவ், போன் சார்ஜர் எல்லாம் தொங்கும் ஹப்பில் வேண்டாம். யுஎஸ்பி 2.0 துளை கொடுப்பது 500 மில்லி ஆம்பியர். அதைப் பங்கு போட்டால் இன்டர்ஃபேஸ் நடு நிகழ்ச்சியில் மயங்கி விழும். யுஎஸ்பி வயர் 5 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. 2 மீட்டர் போதும். ஸ்பீக்கர் தூரத்தில் இருந்தால் ஆடியோ வயரை நீட்டுங்கள், யுஎஸ்பியை அல்ல.

ஆடியோ வயரில்தான் அதிகம் தவறுகிறார்கள். உள்ளேயே ஆம்ப் உள்ள பவர்டு ஸ்பீக்கருக்கு, கடைக்காரர்கள் பி-38 என்று சொல்லும் 6.35 மி.மீ. ஸ்டீரியோ பின்னிலிருந்து மூன்று கம்பி கொண்ட கேனன் (XLR) பின்னுக்கு, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு வயர். ஸ்பீக்கரில் மைக்/லைன் சுவிட்ச் இருந்தால் லைனில் வையுங்கள். வீட்டு ஆம்ப்ளிஃபயர் என்றால் ஆர்சிஏ வயர், ஆக்ஸ் அல்லது சிடி துளைக்கு. ஃபோனோ துளை ரெக்கார்டு பிளேயருக்கானது. சில மில்லி வோல்ட்டைத் தூக்கிக் கொடுக்க உள்ளே இன்னொரு ஆம்ப் இருக்கிறது. அதில் லைன் சத்தத்தைக் கொடுத்தால் பாட்டு கிழிந்து கேட்கும். தொழில் தரத்து அவுட்புட்டின் சிக்னல் அளவு +4 டிபியு, வீட்டுக் கருவி எதிர்பார்ப்பது -10 டிபிவி. இடையில் ஏறக்குறைய 12 டெசிபல் வித்தியாசம். ஆகவே முதன்முறை மாட்டும்போது இன்டர்ஃபேஸின் அவுட்புட் குமிழைக் குறைத்து வைத்துக்கொண்டு ஏற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னை ஒரே ஒரு கேனன் பின்னாக மாற்றும் வயர் ஒன்று விற்கிறது. ஸ்பீக்கரில் கச்சிதமாகப் பொருந்தும். போட்டால் பாடகர் குரல் காணாமல் போய், எக்கோவும் ஓரத்து வாத்தியங்களும் மட்டும் கேட்கும். கேனனின் இரண்டாம் கம்பிக்கு இடதும் மூன்றாம் கம்பிக்கு வலதும் போவதால், ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடுகிறது. இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் குரலும் பேஸும் கழிந்து போகின்றன. ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு. வயரை மாற்றினால் போதும்.

மிக்ஸில் அமைப்பது இப்படி. ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்ஸஸ், சவுண்ட் ஹார்டுவேர். சவுண்ட் ஏபிஐ என்ற இடத்தில் விண்டோஸுக்கு ஏஎஸ்ஐஓ, மேக்கிற்குக் கோர் ஆடியோ, லினக்ஸுக்கு அல்சா. சாம்பிள் ரேட் 44,100. அவுட்புட் பக்கத்தில் 'மெயின்' (பழைய பதிப்பில் 'மாஸ்டர்') என்ற வரிக்கு உங்கள் இன்டர்ஃபேஸ், சேனல் 1-2. 'ஹெட்போன்ஸ்' வரிக்கு அதே இன்டர்ஃபேஸ், சேனல் 3-4. அப்ளை. டெக் 1, டெக் 2 என்ற வரிகளை விட்டுவிடுங்கள். அவை வெளியே தனி மிக்சர் வைத்திருப்பவர்களுக்கு. அவர்கள் டெக் 1-ஐ 1-2-க்கும் டெக் 2-ஐ 3-4-க்கும் அனுப்பி, மிக்சரின் லைன் துளைகளில் மாட்டிக்கொள்வார்கள். க்யூவையும் மிக்சரே பார்த்துக்கொள்ளும். விண்டோஸில் ஏஎஸ்ஐஓ அல்லாத வேறு ஏபிஐ வைத்தால், அதே கருவி '1-2' என்றும் '3-4' என்றும் இரண்டு பெயராகத் தனித்தனியே தெரியலாம், பயப்பட வேண்டாம். கருவியைத் திறக்க முடியவில்லை என்ற செய்தி வந்தால், பிரவுசரோ வேறு பிளேயரோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூடிவிட்டு மீண்டும் அப்ளை.

பஃபர் அளவைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கணக்கு எளிது. 44,100-இல் 256 துணுக்கு என்றால் 5.8 மில்லி வினாடி, 512 என்றால் 11.6, 1,024 என்றால் 23.2. சிறியதாக வைத்தால் கை அசைவுக்குச் சத்தம் உடனே வரும். ஆனால் கணினி கொஞ்சம் திணறினாலும் கரகரக்கும். மவுஸிலும் விசைப்பலகையிலும் பழகுபவருக்கு 23 மில்லி வினாடி தாராளம். ஸ்கிராட்ச் செய்பவருக்குத்தான் 5.8 தேவை. அதே சவுண்ட் ஹார்டுவேர் பக்கத்தில் பஃபர் வற்றியது எத்தனை முறை என்று ஒரு எண்ணிக்கை ஓடும். அரை மணி நேரம் இரண்டு டெக்கையும் ஓடவிட்டு, அந்த எண் பூஜ்யத்திலேயே நிற்கும் மிகச் சிறிய அளவைத் தேர்ந்தெடுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் முதலில் வைஃபையை அணைத்துப் பாருங்கள். மடிக்கணினியில் கரகரப்புக்கு அடிக்கடி அகப்படும் குற்றவாளி அதுதான். பவர் பிளானை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கி, யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். விண்டோஸின் இயல்பு ஒலிக் கருவியாக மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கரே இருக்கட்டும். இல்லையென்றால் வாட்ஸ்அப் செய்தி வரும் 'டிங்' ஓசையை மண்டபமே கேட்கும்.

ஹெட்போனில் ஒன்றும் வரவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடம் நான்கு. மென்பொருளில் அந்த டெக்கின் ஹெட்போன் படம் போட்ட பொத்தான் அமர்ந்திருக்கிறதா. ஹெட்போன் கலவைக் குமிழ் முழுக்க மெயின் பக்கம் போகாமல் இருக்கிறதா. இன்டர்ஃபேஸின் ஏ/பி பொத்தான் 3-4 பக்கம் இருக்கிறதா. இன்டர்ஃபேஸிலேயே உள்ள 'மிக்ஸ்' என்ற குமிழ் பிளேபேக் பக்கம் முழுதாகத் திரும்பியிருக்கிறதா. கடைசிக் குமிழ் இன்புட் பக்கம் இருந்தால் மைக் மட்டும்தான் கேட்கும். புதுக் கருவி பழுது என்று திருப்பிக் கொடுக்க வருபவர்களில் பலருக்குக் குமிழைத் திருப்பியதும் சரியாகிவிடும்.

ஹம்மிங்கைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் மடிக்கணினி சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வளையம் போட்டிருக்கிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அந்த வளையத்தில் பாடுகிறது. மடிக்கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போடுங்கள். பாதி நேரம் இதிலேயே தீரும். தீராவிட்டால், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டியை (சிக்னலைக் கடத்தி, எர்த் தொடர்பைத் துண்டிக்க உதவும் சின்னப் பெட்டி) இன்டர்ஃபேஸுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் வைத்து 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சைத் தள்ளுங்கள். சார்ஜரிலோ ஸ்பீக்கரிலோ மூன்றாவது பின்னை உடைப்பது மட்டும் வேண்டாம். ஹம்மிங் நிற்கும்தான். ஆனால் ஸ்பீக்கருக்குள் ஃபேஸ் கசிந்தால் அது போக வேறு வழியில்லாமல், தொட்டவர் உடம்பு வழியாகப் போகும். மழை ஈரத்தில் பந்தலில் நிற்பவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்லலாம்.

ப்ளூடூத் ஹெட்போன் க்யூவுக்கு ஆகாது. நிமிடத்துக்கு 120 அடி (பிபிஎம்) உள்ள பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 500 மில்லி வினாடி. ப்ளூடூத்தில் சத்தம் 200 மில்லி வினாடி வரை பிந்துவது சாதாரணம். கிட்டத்தட்ட பாதி அடி தள்ளிக் கேட்டுக்கொண்டு தாளம் சேர்க்க யாராலும் முடியாது. ப்ளூடூத் ஸ்பீக்கரும் இதே காரணத்தால் வேண்டாம். ஆக்ஸ் துளை இருந்தால் வயர் போடுங்கள். ஹெட்போன் காதை முழுதாக மூடும், வயர் உள்ள, 32 ஓம் அளவிலான ஒன்றாக இருந்தால் யுஎஸ்பி மின்சாரத்திலேயே போதுமான சத்தம் தரும்.

மென்பொருளின் மெயின் குமிழ் 0 டெசிபலில் நிற்கட்டும். மீட்டர் சிவப்பைத் தொடாமல் ஒவ்வொரு டெக்கின் கெயினையும் வையுங்கள். மண்டபத்துக்குச் சத்தம் போதாவிட்டால் ஸ்பீக்கரில் ஏற்றுங்கள், மென்பொருளில் அல்ல. தொடங்கும்போது கணினி, இன்டர்ஃபேஸ், மென்பொருள், கடைசியில் ஸ்பீக்கர். முடிக்கும்போது ஸ்பீக்கர் முதலில். வரிசை மாறினால் யுஎஸ்பி வயரைப் பிடுங்கும் நேரத்தில் 'டம்' என்று ஓர் அடி விழும். ஸ்பீக்கரில் மெல்லிய ஓசை தரும் ட்வீட்டர் போனால் செலவு இன்டர்ஃபேஸ் விலையைத் தாண்டும்.

விற்பனையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொருளுக்குப் பக்கத்தில் விலை ஒட்டும்போது, 'தனி அனலாக் அவுட்புட்: 2' அல்லது '4', 'ஹெட்போனில் வருவது: 1-2 மட்டும்' அல்லது 'மாற்றலாம்' என்று இரண்டு வரி தமிழில் எழுதி ஒட்டுங்கள். இணையத்தில் விற்பவர்களும் பிட், கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இந்த இரண்டு வரியைப் போடலாம்.

இப்படிக்கு,
ஒலி அமைப்புத் தொழிலில் உள்ளோர் சிலர்,
திருச்சி.